டிபேட் பாத்து ஓட்டு மாறுச்சான்னு கண்டுபிடிக்கறது எப்படி: ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சீட்டும்

2024 ஜூன் 28, வெடியால ஆறரை மணி. திருப்பூர் அவினாசி ரோட்டுல ஒரு பேக்கரி, பால் இன்னும் சரியா காயல, நாங்க நாலு பேரு ஒரு செல்ஃபோன சக்கர டப்பா மேல சாச்சு வெச்சுட்டு அட்லாண்டாவுல பைடனும் ட்ரம்ப்பும் பிரசிடென்ட் எலெக்சனுக்காக நேருக்கு நேரா நின்னு டிபேட் பேசறத பாத்துட்டு இருந்தோம், அங்க அது முந்தின நாள் ராத்திரி ஒம்பது மணி. பனியன் ஊர்க்காரனுக்கு அமெரிக்க எலெக்சன்ல என்ன சோலின்னு கேப்பீங்க. எங்க சரக்கு எச்சா போறது அங்கதானுங்க. 2025 ஆகஸ்ட் 27ல இந்திய சரக்குக்கு 50% வரின்னு வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு இங்க பவர்டேபிள்னு சொல்ற தையல் மெஷின் ஓட்டற யார வேணா கேளுங்க.

அன்னைக்கு பைடன் பேச்சு நடுவுல நடுவுல அந்துபோய் அந்துபோய் நின்னுச்சு. எங்க மாமா, ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்காரு, டீய கூட குடிக்காம "முடிஞ்சுது மாப்ள"ன்னாரு. ஜூலை 21ந்தேதி பைடன் போட்டில இருந்தே வெலகிட்டாரா, மாமாவுக்கு அதுல ஒரு பிடிமானம் வந்துருச்சு, டிபேட்ல ஜெயிச்சவன்தான் எலெக்சன்லயும் ஜெயிப்பான்னு. செப்டம்பர் 10 பிலடெல்பியாவுல, பைடனுக்கு பதிலா நின்ன கமலா ஹாரிஸ் ட்ரம்ப்ப போட்டு வாங்குனதும் "இந்தம்மாதான் மாப்ள, பள்ளிபாளையம் சிக்கன் பந்தயம்"னாரு. நவம்பர்ல என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்.

அந்த சிக்கன் கதைக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி, அடுத்த தடவ ஒரு டிபேட் முடிஞ்ச ஒடனே டிவிக்காரனும் வாட்சப்காரனும் "ஆட்டமே மாறிருச்சு"ன்னு கத்தறப்ப, நெசமாலுமே ஓட்டு மாறுச்சா இல்ல சத்தம் மட்டுந்தானான்னு நீங்களே எப்படி பாத்துக்கறதுன்னு சொல்றேன். செலவு ஒண்ணுமில்ல, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு, கொஞ்சம் துண்டு பேப்பரு, அப்புறம் பத்து பதினஞ்சு நாள் கம்முனு இருக்கற பொறுமை. கடைசியா சொன்னதுதான் நம்ம ஊர்ல கெடைக்காது.

டிபேட்டுக்கு முன்னாடியே எழுதி வாங்கிருங்க

டிபேட் முடிஞ்ச பொறவு போய் "உங்க மனசு மாறுச்சா"ன்னு கேட்டா வர்ற பதில் எதுக்கும் ஆகாதுங்க. ஏன்னா மனுசன் தான் முன்னாடி என்ன நெனச்சான்ங்கறதையே மறந்துருவான், மறக்கறது கூட இல்ல, மாத்தி ஞாபகம் வெச்சுக்குவான், அது பொய்யும் கெடையாது, அவனுக்கு அப்படித்தான் தோணும். எலெக்சன் ரிசல்ட் வந்த மறுநாள் ஊர்ல யாருமே தோத்த கட்சிக்கு ஓட்டு போட்டிருக்க மாட்டாங்க, பாத்திருக்கீங்கல்ல?

அதனால டிபேட்டுக்கு முந்தின நாளே ஆளுக்கு ஒரு சீட்டு. அதுல மூணு விசயம் எழுதச் சொல்லுங்க: யாருக்கு ஓட்டு, அதுல எவ்வளவு உறுதி (பத்துக்கு மார்க் போடச் சொல்லலாம்), அப்புறம் யாரு ஜெயிப்பாங்கன்னு நெனைக்கறீங்க. கடைசி கேள்வி எதுக்குன்னா, நெறைய பேரு "யாருக்கு ஓட்டு"ன்னு கேட்டா யாரு ஜெயிப்பான்னு சொல்லிட்டு போயிருவாங்க, ரெண்டையும் தனித்தனியா எழுத வெச்சாத்தான் பிரிஞ்சு நிக்கும். பேர எழுதி மடிச்சு பாட்டில்ல போட்டு மூடியாச்சுன்னா தொறக்கவே கூடாது. வாயில சொல்ல விடாதீங்க, மாமனாரு ஆசாரத்துல உக்காந்திருக்கறப்ப மருமகன் உண்மைய சொல்லுவாரா என்ன?

நமக்கு அங்க ஓட்டு இல்லியேன்னா, "உனக்கு ஓட்டு இருந்தா யாருக்கு"ன்னு எழுதி பழகிக்கலாம், நாங்க அப்படித்தான் பண்ணுனோம். நம்ம எலெக்சன் வர்றப்ப இதே பாட்டில்தான்.

ஒரே ஆள ரெண்டு தடவ கேக்கறதுதான் இதுல சூட்சுமமே. பெரிய ஆராய்ச்சியிலயும் இதத்தான் பண்ணியிருக்காங்க. கரோலின் லெ பென்னெக், வின்சென்ட் பான்ஸ்னு ரெண்டு பேரு, 1952ல இருந்து 10 நாட்டுல நடந்த 62 எலெக்சன், 56 டிவி டிபேட், இத்தனையும் எடுத்து, எலெக்சனுக்கு முன்னாடி ஒருத்தரு என்ன சொன்னாரு, முடிஞ்ச பொறவு அதே ஆளு யாருக்கு போட்டேன்னு சொன்னாருன்னு ஒட்டிப் பாத்தாங்க. கடைசி ரெண்டு மாசத்துல 17ல இருந்து 29% பேரு வரைக்கும் முடிவு எடுக்கறாங்க, அது கம்மி இல்லீங்க. ஆனா டிபேட் நடந்த நாள ஒட்டி மட்டும் பாத்தா, அந்த முடிவுல ஒரு குலுக்கலும் தெரியல. ஆளுக மனச மாத்திக்கறாங்க, டிபேட் அதுக்கு காரணம் இல்ல, அவ்வளவுதான் அதுல இருந்து நான் எடுத்துக்கறது.

"யாரு ஜெயிச்சா"ங்கறது வேற கேள்வி, "யாருக்கு ஓட்டு"ங்கறது வேற கேள்வி

மாமா கவுந்தது இந்த எடத்துலதான். நியூஸ்ல வர்ற "63% பேரு ஹாரிஸ்தான் ஜெயிச்சாங்கன்னு சொல்றாங்க"ங்கறத ஓட்டு கணக்குன்னு நெனச்சுட்டாரு. செப்டம்பர் டிபேட் முடிஞ்சதும் சிஎன்என் எடுத்த கணக்கு அது, 63க்கு 37, அதுவும் டிபேட் பாத்தவங்ககிட்ட மட்டும் கேட்டது. பட்டிமன்றத்துல ஒருத்தரு நல்லா பேசுனாருன்னு கை தட்டிட்டு வீட்டுக்கு வந்து நாம நெனச்சதையேதான நெனப்போம்.

ஜூன் டிபேட்ல இன்னும் தெளிவா தெரியும். பாத்தவங்கள்ல 67% பேரு ட்ரம்ப்தான் நல்லா பண்ணுனாருன்னாங்க. அதே ஆளுககிட்ட உங்க முடிவுல ஏதாச்சும் பாதிப்பான்னு கேட்டா 81% பேரு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, மாத்திக்கிட்டேன்னு சொன்னது 5%. பைடன் அவ்வளவு மோசமா சறுக்குன நாள்லயே இதுதான் நெலம.

பழைய கணக்கையும் எடுத்துக்கோங்க. 2004ல ஜான் கெர்ரி மூணு டிபேட்லயும் ஜார்ஜ் புஷ்ஷ ஜெயிச்சாருன்னு கேலப்ங்கற கருத்துக்கணிப்பு கம்பெனி கணக்கு சொல்லுச்சு, எலெக்சன்ல தோத்தாரு. 2016ல ஹிலாரி கிளிண்டனும் மூணுமே ஜெயிச்சாங்க, அதுல மொத டிபேட்ட 8 கோடியே 40 லட்சம் பேரு பாத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு. அந்தம்மா மொத்த ஓட்டுல 28 லட்சத்துக்கு மேல எச்சா வாங்கியும் மாநில கணக்குல தோத்தாங்க, அது தனி கதை. 2012 அக்டோபர் 3 டென்வர்ல, எதுத்து நின்ன ராம்னி ஒபாமாவ ஒரு வழி பண்ணிட்டாரு, கேலப்ல 72க்கு 20. ஒபாமாதான் மறுபடி பிரசிடென்ட்.

அதனால உங்க ரெண்டாவது சீட்டுல, டிபேட் முடிஞ்ச அன்னைக்கு "யாரு நல்லா பேசுனாங்க"ன்னு மட்டும் கேளுங்க. ஓட்ட பத்தி அன்னைக்கு கேக்கவே கேக்காதீங்க.

யாரு காணாம போனாங்கன்னு எண்ணுங்க

இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதிங்க, கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

எங்க ஒறம்பரை வாட்சப் குரூப்ல பெரியப்பா ஒருத்தரு இருக்காரு, தெனம் வெடியால ரோசாப்பூ போட்டு காலை வணக்கம், அதுக்கப்புறம் அவர் கட்சி வீடியோ நாலு. அவர் தலைவரு எங்கியாச்சும் மேடையில ஒளறிட்டாருன்னு வெச்சுக்கோங்க, மூணு நாளைக்கு ரோசாப்பூவும் வராது வீடியோவும் வராது. அந்த மூணு நாள் குரூப்ப புதுசா ஒருத்தன் பாத்தான்னா, குடும்பமே அடுத்த கட்சிக்கு மாறிருச்சுன்னுதான் நெனப்பான். நாலாம் நாள் ரோசாப்பூ வந்துரும். பெரியப்பா ஓட்டு எங்கயும் போகல, அவர் வாய் மட்டும் மூணு நாள் லீவுல இருந்துச்சு.

2012ல டென்வர் டிபேட் முடிஞ்சதும் கருத்துக்கணிப்புல ஒபாமாவோட முன்னிலை கரைஞ்சு போச்சுல்ல, அத ஆண்ட்ரூ கெல்மன், ஷரத் கோயல், டேவிட் ராத்சைல்ட், டக் ரிவர்ஸ் நாலு பேரும் எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷின் வழியா எடுத்த கணக்க வெச்சு குடைஞ்சு பாத்தாங்க. மூணு லட்சத்துக்கு மேல ஆளுக, நெறைய பேருகிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கணக்கு. கடைசில பாத்தா பெரும்பாலும் பெரியப்பா கதைதான். ஒபாமா கட்சிக்காரங்க மனசு விட்டுப்போய் கேள்விக்கு பதில் சொல்றத நிறுத்திட்டாங்க, ராம்னி ஆளுக உற்சாகத்துல வரிசையா வந்து பதில் சொன்னாங்க, அதனால தராசு சாஞ்ச மாதிரி தெரிஞ்சுது. ஓட்ட மாத்துனவங்க கொஞ்சந்தான்.

இத நீங்க சோதிக்கறது ஈசி. டிபேட்டுக்கு முன்னாடி பத்து பேரு சீட்டு போட்டாங்கன்னா பின்னாடி அதே பத்து பேருகிட்டயும் வாங்கணும். ஏழுதான் வந்துதுன்னா அந்த ஏழ வெச்சு கணக்கு போடாதீங்க, வராத மூணு பேரு மொத சீட்டுல எந்தப் பக்கம்னு பாருங்க. மூணும் ஒரே பக்கமா இருந்துச்சுன்னா ஒங்களுக்கு விசயம் புரிஞ்சுரும். கட்டுத்தரைக்கு திரும்பி வந்த மாட்ட மட்டும் எண்ணிட்டு மீதி எல்லாம் வித்துப்போச்சுன்னு சொல்ற கதைதான் அது.

எத்தன பேருகிட்ட கேட்டாங்கன்னு பாக்காம எதையும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க

ஆயிரம் பேருகிட்ட கேட்டா 3% அக்கட்ட இக்கட்ட இருக்கும், ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற வித்தியாசம்னு எடுத்தா கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு. அப்ப டிபேட்டுக்கு அப்புறம் முன்னிலை 2 பாயிண்ட் ஏறுச்சுன்னா ஏறுச்சுன்னும் சொல்ல முடியாது எறங்குச்சுன்னும் சொல்ல முடியாது. ஒரு கணிப்ப பாக்காதீங்க, ஒரே கம்பெனி முன்னாடி எடுத்தது பின்னாடி எடுத்ததுன்னு நாலஞ்ச ஒண்ணா வெச்சு பாருங்க.

இதுக்கு எல்லாரும் சொல்ற ஒரு கதை இருக்கு, நீங்களும் கேட்டிருப்பீங்க. 1960 செப்டம்பர் 26, சிகாகோ, கென்னடியும் நிக்சனும், டிவில வந்த மொத பிரசிடென்ட் டிபேட். நிக்சன் முட்டில அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்து எழுந்து வந்திருந்தாரு, எளச்சு போய், சரியா மேக்கப்பும் போட்டுக்கல. ரேடியோல கேட்டவங்க நிக்சன் ஜெயிச்சாருன்னாங்க, டிவில பாத்தவங்க கென்னடின்னாங்க, மூஞ்சிதான் எலெக்சன தீர்மானிச்சுதுன்னு முடிப்பாங்க. அந்த ரேடியோ கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுனா சிண்ட்லிங்கர்னு ஒரு கம்பெனி எடுத்தது, அதுல ரேடியோ மட்டும் கேட்டவங்க 282 பேரு, அதுலயும் யாரு ஜெயிச்சான்னு கருத்து சொன்னவங்க 178 பேருதான். ரேடியோ கேட்டவங்க எந்த ஊரு, ஏற்கனவே எந்த கட்சி, ஒண்ணும் சரியா பாக்கல. 1987லயே வான்சில், பெண்டெல்னு ரெண்டு பேரு இத கிழிச்சுட்டாங்க, கதை மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கு.

மூஞ்சிக்கு வேலையே இல்லைன்னும் சொல்லல. 2003ல ஜேம்ஸ் ட்ரக்மன் அதே டிபேட்ட பாதி பேருக்கு படமாவும் பாதி பேருக்கு சத்தமாவும் போட்டுக் காட்டுனதுல, படம் பாத்தவங்கதான் கென்னடி ஜெயிச்சாருன்னு எச்சா சொன்னாங்க. ஆனா அது "யாரு ஜெயிச்சா" கேள்வி, நான் முன்னாடி சொன்னேன்ல. அந்த எலெக்சன்ல 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து வித்தியாசம் ஒண்ணேகால் லட்சத்த தாண்டல. அவ்வளவு நெருக்கத்துல டிபேட்டும் காரணம்னு சொல்லலாம், அன்னைக்கு எங்கியோ பெஞ்ச மழையும் காரணம்னு சொல்லலாம், யாரும் இல்லைன்னு நிரூபிக்க முடியாது.

பத்து நாள் கழிச்சு கேளுங்க, பேக்கரில வெச்சு கேக்காதீங்க

டிபேட் பாக்கறப்ப பக்கத்துல இருக்கறவன் சிரிச்சா நமக்கும் சிரிப்பு வரும். 2010ல பிரிட்டன்ல பிரதமர் டிபேட் நடக்கறப்ப டிவில கீழ ஒரு கோடு ஓடும், சில பேரு பட்டன் அழுத்தறத வெச்சு அந்தக் கோடு ஏறி எறங்கும். டேவிஸ், பவர்ஸ், மெமன்னு மூணு பேரு அதுல ஒரு குசும்பு பண்ணுனாங்க, 150 பேருக்கு டிபேட்ட போட்டு அந்தக் கோட்ட இவங்களே ஒரு பக்கமா சாயற மாதிரி ஆட்டி விட்டாங்க. எந்தப் பக்கம் கோடு ஏறுச்சோ அவருதான் ஜெயிச்சாருன்னு பாத்தவங்க சொன்னாங்க! நம்ம ஊர்ல அந்தக் கோட்டுக்கு பதிலா மாமா இருக்காரு. அதனால பேக்கரில கூட்டமா பாத்தா சீட்ட அங்கயே எழுத விடாதீங்க, வீட்டுக்கு போய் தனியா எழுதட்டும்.

மொத சீட்டுல கேட்டதையே பத்து நாள் கழிச்சு மூணாவது சீட்டுல கேளுங்க. நாள் கழிக்கறது எதுக்குன்னா ரெண்டு பக்கமும் தப்பு வரலாம். 1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ, கார்ட்டர எதுத்து நின்ன பிரசிடென்ட் ஜெரால்ட் ஃபோர்டு "கிழக்கு ஐரோப்பாவுல சோவியத் ஆதிக்கமே இல்ல"ன்னு ஒரு போடு போட்டாரு. அன்னைக்கு ராத்திரி கேட்டப்ப ஜனங்க அத பெருசா எடுத்துக்கல, ஃபோர்டுக்கு நல்ல மார்க்கே விழுந்துச்சு. மறுநாள் டிவியும் பேப்பரும் அதையே போட்டு அரைச்சதுக்கு அப்புறம் கேட்டா கார்ட்டர்தான் ஜெயிச்சாருன்னு பல மடங்கு பேரு சொன்னாங்க. டிபேட்ட பாத்தது ஒண்ணு, பாத்தத பத்தி கேட்டது இன்னொண்ணு, ரெண்டாவதுக்குத்தான் வீரியம் எச்சா.

ஏறுனது எறங்கறதுக்கும் நாள் வேணும். அதே 2010 பிரிட்டன்ல, ஏப்ரல் 15 மொத டிபேட்ல நிக் கிளெக் பேசுன பேச்சுக்கு அவர் லிபரல் டெமாக்ரட் கட்சி கருத்துக்கணிப்புல ஜிவ்வுனு மேல போச்சு, பேப்பர் பூரா அவருதான். மூணே வாரம், மே 6 எலெக்சன்ல 23% ஓட்டு, போன தடவ வாங்குனதவிட ஒரு பர்சென்ட்தான் எச்சா, சீட்டு 62ல இருந்து 57க்கு எறங்கிருச்சு.

எப்பதான் டிபேட் வேலை செய்யும்?

செய்யவே செய்யாதுன்னு எழுதிட்டு போனா அதுவும் பொய்யாயிரும். 1980ல கார்ட்டரும் ரீகனும் ஒரே ஒரு தடவதான் நேருக்கு நேரா நின்னாங்க, அதுவும் அக்டோபர் 28, எலெக்சனுக்கு ஒரே வாரம் முன்னாடி. "நாலு வருசத்துக்கு முன்னாடி இருந்ததவிட இப்ப நல்லா இருக்கீங்களா"ன்னு ரீகன் கேட்டாரு. ஏற்கனவே வெலவாசில வெந்துட்டு இருந்த ஜனங்களுக்கு அந்தக் கேள்வி அவங்க மனசுல இருந்தத எடுத்து நீட்டுன மாதிரி, எலெக்சன்ல ரீகன்தான் ஜெயிச்சாரு. கடைசி வாரம், ஒரே டிபேட், இந்த ஆள நம்பலாமான்னு தயங்கிட்டு இருந்த ஜனம், இதெல்லாம் ஒண்ணு சேந்தா கொஞ்சம் நகரும்னு நான் ஒத்துக்கறேன்.

2024 ஜூன் விசயத்துல மாமா சொன்னது பாதி சரி. டிபேட் ஒருத்தர வீட்டுக்கு அனுப்புச்சு, ஆனா அனுப்புனது ஓட்டர் இல்லீங்க, அவர் கட்சி எம்பிமாரும் காசு குடுக்கற பெரும்புள்ளிகளும். மாசக்கணக்கா உள்ளுக்குள்ள கிசுகிசுத்தத வெளிய சொல்றதுக்கு அவங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு சாக்கு. அதனால டிபேட் முடிஞ்சா பேக்கரில என்ன பேசறாங்கன்னு பாக்கறதவிட, அந்த ஆளோட சொந்தக் கட்சிக்காரன் மைக் முன்னாடி எப்படி முழுங்கி முழுங்கி பேசறான்னு பாருங்க.

நம்ம பக்கத்துல இத ஓட்டிப் பாக்கணும்னா ராத்திரி எட்டு மணி சேனல் விவாதத்துக்கு இதே பாட்டில் போதும். 2021 சட்டசபைல மாநிலமே திமுகவுக்கு போனப்ப கோயமுத்தூர் மாவட்டத்துல பத்துக்கு பத்தும் அதிமுக கூட்டணி. 2022 பிப்ரவரில அதே ஊர் மாநகராட்சிய திமுக கூட்டணி அள்ளிட்டு போச்சு. பத்து மாசத்துல அவ்வளவு மாறுச்சு. அந்த எட்டு மணி சண்டைய பாத்து மாத்துனேன்னு சொல்ற ஒருத்தர இன்னும் நான் பாக்கல, உங்களுக்கு யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, சீட்டு குடுக்கலாம்.

டாலஸ்ல இருக்கற சித்தப்பா பையன், சிட்டிசன், ஓட்டு இருக்கு, அவன்கிட்டயும் 2024ல சீட்டு வாங்கியிருந்தேன், போட்டோ எடுத்து அனுப்புனான். டிபேட்டுக்கு முன்னாடி உறுதி பத்துக்கு ஒம்பது, பின்னாடி பத்துக்கு பத்து, ஆளு மாறல. "அப்புறம் எதுக்குடா ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்த"ன்னு கேட்டா, "நம்ம ஆளு எப்படி வெளுக்கறாருன்னு பாக்கத்தான்ணா"ங்கறான்.

சரி, சிக்கன். நவம்பர் 6 பொழுதோட பேக்கரில ஹார்லிக்ஸ் பாட்டில தொறந்தோம். அதுக்குள்ள மாமா "நான் மொதல்ல இருந்தே ட்ரம்ப்புன்னுதான மாப்ள சொல்லிட்டு இருந்தேன், நீங்கதான் கேக்கல"ன்னு ஆரம்பிச்சுட்டாரு, சத்தியமா சொல்றேன், அவரு முழுசா நம்பித்தான் சொன்னாரு. செப்டம்பர் 11 தேதி போட்ட சீட்ட பிரிச்சா, அவரு யூனிட் டெலிவரி சலான் பின்னாடி, பச்ச இங்க்ல, "யாரு ஜெயிப்பாங்க: ஹாரிஸ்", அதுக்கு கீழ ரெண்டு கோடு வேற. மாமா அத வாங்கி கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, சித்த நேரம் பாத்துட்டு, "இது என் கையெழுத்து மாதிரியே இல்லியே மாப்ள"ன்னாரு.

சிக்கன் இன்னும் வரலீங்க.